நியூசிலாந்துப் போர்ச் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டும் முறை: சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டு ஈரத்துக்கும் ஏற்ப

தூரிகையைத் தொடுவதற்கு முன்னரே, தீட்டப்போகும் சிற்றுருவம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். நியூசிலாந்தில் பிரிட்டிஷ் படைகளுக்கும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கும் இடையே 1845 முதல் 1872 வரை விட்டுவிட்டுப் போர்கள் நடந்தன. தொடக்க ஆண்டுகளில் போரிட்ட சிப்பாய் இடுப்பளவு சிவப்புச் சட்டை அணிந்திருந்தான். 1863இல் வைக்காட்டோ ஆற்றங்கரை வழியாக முன்னேறிய சிப்பாயோ, புதர்க்காட்டுக்கு ஏற்ற கருநீலக் கம்பளிச் சட்டைக்கு மாறியிருந்தான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தீட்டினால், நிழலும் வெளிச்சமும் எவ்வளவு நுட்பமாக அமைந்தாலும் அந்த உருவம் எந்தப் போர்க்களத்துக்கும் பொருந்தாது. போர் விளையாட்டு மேசைகளுக்காக 28 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கும் உலோக உருவங்களின் உறையில் 1840களா 1860களா என்பது பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். குறிக்கப்படவில்லையெனில் சட்டையின் வெட்டையும் துப்பாக்கியின் அமைப்பையும் பார்த்து முடிவு செய்யலாம்.

வடபுலப் போர் எனப்படும் முதற்கட்டம், 1845 மார்ச் 11 அன்று கொரொராரெக்காவில் பிரிட்டிஷ் கொடிமரம் நான்காம் முறையாக வெட்டிச் சாய்க்கப்பட்டதில் தொடங்கி, 1846 ஜனவரியில் ருவாபெகாபெகா கோட்டை பிரிட்டிஷார் கைக்குப் போனதோடு ஓய்ந்தது. மாவோரித் தலைவர்களான ஹோனே ஹெக்கேயும் காவிட்டியும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கத்தில் பிரிட்டிஷ் படையணிகளோடு தாமாத்தி வாக்கா நேனேயின் மாவோரி வீரர்களும் நின்றனர் என்பதால், மாவோரி உருவங்கள் அனைத்தையும் எதிரணியிலேயே அடுக்குவது வரலாற்றுக்கு ஒவ்வாது. இக்கட்டத்தின் சிப்பாய்களைப் படையணி வாரியாகப் பிரித்துக் காட்டுவது கழுத்துப்பட்டையும் கைமுனைப் பட்டையுமே. 58ஆம் படையணிக்கு அவை கறுப்பு, 99ஆம் படையணிக்கு மஞ்சள். 1860களின் கருநீலச் சட்டையில் இந்த அடையாளம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்ற 43ஆம் படையணியும் பர்மாவிலிருந்து சென்ற 68ஆம் படையணியும் 1864 ஏப்ரல் 29 அன்று கேட் பா கோட்டையின் முன் நின்றபோது, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்திருக்கும்.

ஆதாரப் படங்களுக்குத் திரைப்படங்களை நம்புவதைவிட அக்காலத்தவர் வரைந்தவற்றை நாடுவது நல்லது. 68ஆம் படையணியில் அதிகாரியாக இருந்த ஹொரேஷியோ ராப்ளி, கேட் பா சண்டையையும் அங்கு கண்ட மனிதர்களையும் தம் கையாலேயே வரைந்து வைத்தார். காட்டுப்படை அதிகாரியான குஸ்டாவஸ் வான் டெம்ப்ஸ்கியின் நீர்வண்ண ஓவியங்களும் உண்டு. இவை இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. தூரிகை எடுக்கும் மேசைக்கு அருகில் ஓரிரண்டை அச்செடுத்து ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

உருவத்தைத் தயார் செய்தல்

உலோக உருவத்தில் அச்சின் இரு பாதிகள் சந்தித்த இடத்தில் மெல்லிய வார்ப்புக் கோடு ஓடும். அதை அகற்றாமல் வண்ணம் பூசினால், முகத்தின் நடுவே ஒரு தழும்பு போல அது கடைசிவரை உறுத்தும். இந்த வேலைக்குச் சேலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கொலுசுப் பட்டறைகளுக்குக் கருவி விற்கும் கடைகளில், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தேடினால், வெள்ளி வேலைக்கான மெல்லிய அரங்களும் கூர்முனைச் சாமணங்களும் கிடைக்கும். பொழுதுபோக்குப் பொருள் என்ற பெயரில் வெளியூரிலிருந்து தருவிக்கும் கருவிகளை விட அவை மலிவு, உழைப்பும் அதிகம். பழைய வார்ப்புகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அரத்தையும் உருவத்தையும் ஈரமாக்கிக்கொண்டு தேய்க்க வேண்டும். முகக்கவசம் அணிய வேண்டும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலையை ஒருபோதும் செய்யக்கூடாது. தேய்த்து முடித்ததும் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, நன்கு உலர்த்தி, பழைய பாட்டில் மூடி ஒன்றின்மேல் ஒட்டிக்கொண்டால், உருவத்தை விரலால் தொடாமலே திருப்பித் திருப்பித் தீட்ட முடியும்.

அடிப்பூச்சு ஸ்ப்ரேயில்தான் நம் ஊரின் தட்பவெப்பம் குறுக்கே வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து நண்பகலில் மொட்டைமாடியில் நின்று அடித்தால், துளிகள் உருவத்தை அடையும் முன்பே காற்றில் காய்ந்து, பரப்பு மணல் தூவியது போல் சொரசொரப்பாகிவிடும். காலை எட்டு மணிக்கு முன், நிழலில், 20 முதல் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, கையை நிறுத்தாமல் வீசி வீசி மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடிப்பதே சரி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் சிக்கல் நேர்மாறானது. மூடுபனி இறங்கிய நாளில் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம். அங்கு இருப்பவர்கள் தூரிகையால் பூசும் அடிப்பூச்சை வாங்கி வைத்துக்கொண்டால் மழைக்காலம் முழுவதும் வேலை நிற்காது. நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்புச் சட்டைக்கும் மாவோரி உருவத்துக்கும் பழுப்பு அடிப்பூச்சு உகந்தது. கருநீலச் சட்டைக்குக் கறுப்பு.

கோடையில் அக்ரிலிக் வண்ணம் தட்டில் பிழிந்த சில நிமிடங்களிலேயே தோல்கட்டத் தொடங்கும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் இனிப்புப் பெட்டியில் நனைத்த டிஷ்யூ காகிதத்தைப் பரப்பி, அதன்மேல் கேக் சுடப் பயன்படும் பட்டர் பேப்பரை விரித்தால் ஈரத்தட்டு தயார். வண்ணம் அதில் பல மணி நேரம் தாங்கும். மின்விசிறியின் நேர்க்கீழே உட்காராமல் சற்று விலகி உட்கார வேண்டும். வண்ணத்தைக் கரைக்க ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தினால், மிக நீர்த்த பூச்சுகள் காய்ந்தபின் பள்ளங்களில் வெள்ளை வளையம் படியக்கூடும் என்பதால் வடிகட்டிய நீரே ஏற்றது. வண்ணம் நீர்மோர் பதத்தில் இருக்க வேண்டும். ஒரே தடவையில் மூடிவிட வேண்டும் என்று அவசரப்படாமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகப் போட வேண்டும். வயேஹோ போன்ற சிற்றுருவ வண்ணங்களின் நிறமி நுண்மையானது. கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக்குகளை அடிமண், கம்பளி போன்ற பெரிய பரப்புகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முகத்துக்கு மட்டும் நல்ல வண்ணத்தை ஒதுக்கினால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

சிவப்பு, வெள்ளை, கருநீலம்

அக்காலச் சாதாரணச் சிப்பாயின் சட்டைக்கு, மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த மாடர் செடியின் வேரிலிருந்து எடுத்த சாயம் ஏற்றப்பட்டது. அது செங்கல் சாயலுள்ள மங்கிய சிவப்பு. கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த பளிச்சென்ற செஞ்சிவப்பு அதிகாரிகளின் விலையுயர்ந்த துணிக்கே உரியது. இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டிவிட்டாலே, வரிசையில் அதிகாரி யார் என்பது கையிலுள்ள வாளைப் பார்க்காமலே தெரிந்துவிடும். சிப்பாயின் சட்டைக்கு முதலில் பழுப்புக் கலந்த அடர்சிவப்பை முழுவதும் பூசி, அடுத்து மடிப்புகளின் பள்ளங்களை மட்டும் விட்டுவிட்டு செங்கற்சிவப்பைப் பூசி, கடைசியாகத் தோள்முனை, முழங்கை, மடிப்பின் முகடு ஆகியவற்றில் மட்டும் சிறிது ஆரஞ்சு கலந்த சிவப்பால் கோடிட வேண்டும். வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலந்தால் சிவப்பு இளஞ்சிவப்பாகிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

மார்பின் குறுக்கே செல்லும் வெள்ளை வார்கள்தாம் சிவப்புச் சட்டை உருவத்தின் உயிர். வார் ஓடும் தடம் முழுவதையும் முதலில் கரும்பழுப்பால் சற்று அகலமாக வரைந்து, அதன்மேல் இருபுறமும் மயிரிழை அளவு கரும்பழுப்பு தெரியும்படி இளஞ்சாம்பலைப் பூசி, பிறகு தந்த நிறத்தையும், தோள்மேல் வளையும் இடத்தில் மட்டும் தூய வெள்ளையையும் வைக்க வேண்டும். கறுப்பால் எல்லைக் கோடு இடுபவர்களும் உண்டு. ஆனால் சிவப்பின் அருகே கறுப்பு கடுமையாக அடிக்கிறது என்பதே என் எண்ணம். காற்சட்டைக்குக் கருஞ்சாம்பலும், வெளித்தையலில் மெல்லிய சிவப்புக் கோடும் போதும். ஒஹையாவைக் கோட்டைத் தாக்குதல் நடந்தது 1845 ஜூலை 1 அன்று. நமக்கு ஆனி மாதமான அது அங்கு நடுக்குளிர்காலம். ஆகவே முழங்கால்வரை கரும்பழுப்புச் சேற்றை ஈரப்பஞ்சால் ஒற்றியெடுப்பது மிகை ஆகாது. நம் ஊர்ச் செம்மண் நிறம் மட்டும் வேண்டாம்.

கருநீலச் சட்டை எளிது. கறுப்பில் சிறிது நீலம் கலந்து பூசி, சாம்பல் கலந்த நீலத்தால் முகடுகளை மிக அடக்கமாக எடுத்துக்காட்டினால் முடிந்தது. வான்நீலத்தின் பக்கம் போகாமல் இருப்பதே இதில் உள்ள ஒரே கட்டுப்பாடு. தோளின் குறுக்கே சுருட்டிக் கட்டிய போர்வையையும் வெள்ளைத் துணிப்பையையும் சற்று வெளிர்நிறமாகத் தீட்டினால் உருவத்தின் இருட்டு குறையும். துப்பாக்கியில் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு: 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் நீலங்கலந்த கறுப்பு, விசைக்காப்பு பித்தளை.

சிப்பாய்களை எட்டு பத்தாக வரிசையில் வைத்து, எல்லாச் சட்டைகளும் முடிந்தபின் எல்லா வார்கள் என்று நிறம் நிறமாகத் தீட்டுவது விரைவானது. சீருடை என்பதே அந்தச் சீருக்காகத்தான் உண்டாயிற்று. மாவோரி உருவங்களுக்கு இந்த முறை சிறிதும் ஒத்துவராது. அவர்களை இரண்டு மூன்றாக எடுத்து, ஒவ்வொருவரையும் தனி மனிதராகவே தீட்ட வேண்டும். இரண்டு அணிகளுக்கும் ஒரே முறையைக் கையாள்பவர்களின் மேசையில், சிப்பாய்கள் படையாகவும் மாவோரி வீரர்கள் பழுப்புக் கூட்டமாகவும் நிற்பதைக் காணலாம்.

மாவோரி வீரர்

தோல் நிறத்தில் தொடங்கலாம். நம் மாநிறத் தோலைத் தீட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. செம்பழுப்பை அடியாக வைத்து, நீர்த்த கரும்பழுப்பை முழுதும் ஓடவிட்டு, காய்ந்தபின் அடிநிறத்தில் காவி மஞ்சளைச் சிறுசிறிதாகச் சேர்த்து நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு, தோள், விரல்மூட்டு என ஏற்றிக்கொண்டே வர வேண்டும். கலவையை ஆளுக்கு ஆள் சற்று மாற்றுவது அவசியம். ஒருவருக்குச் சிவப்பு கூடுதலாகவும் இன்னொருவருக்கு மஞ்சள் கூடுதலாகவும் இருக்கட்டும்.

அடுத்தது மோகோ. மாவோரி ஆடவரின் முகத்தில் உளி போன்ற கருவியால் தோலைச் செதுக்கி, மை ஏற்றி உருவாக்கப்பட்ட இந்தக் கோலம், அணிந்தவரின் வம்சத்தையும் தகுதியையும் சொல்வது. தலை மாவோரி மரபில் உடலின் மிகப் புனிதமான பகுதி. எனவே முகத்தில் மனம்போனபடி சுருள்களை இழுப்பது அழகுக்கும் கேடு, மரியாதைக்கும் கேடு. அமைப்பு தெளிவானது: புருவங்களுக்கு மேலிருந்து நெற்றியில் விரியும் கதிர்க்கோடுகள், மூக்கின் இருபுறமும் சிறு சுருள்கள், கன்னத்தின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் ஒவ்வொரு பெரிய சுருள், மூக்கின் ஓரத்திலிருந்து வாயைச் சுற்றித் தாடை நோக்கி இறங்கும் வளைகோடுகள். இடமும் வலமும் பெரிதும் ஒத்திருக்கும். ஆனால் முழுக்க ஒன்றல்ல.

28 மில்லிமீட்டர் உருவத்தின் கன்னம் ஓர் உளுந்தை விடச் சிறியது. அதில் எல்லாவற்றையும் வரைய முயன்றால் முகம் கரிபூசியதாகத்தான் தெரியும். தாடை நோக்கி இறங்கும் கோடுகள் பக்கத்துக்கு இரண்டு, நெற்றியில் பக்கத்துக்கு இரண்டு, கன்னத்தில் ஒரு கொக்கி என்று நிறுத்திக்கொண்டால், கை தூரத்தில் பார்ப்பவரின் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். 54 மில்லிமீட்டர் உருவமானால் சுருள்களை முழுமையாகவே வரையலாம். அதற்கு மிக மெல்லிய முனையுள்ள நிறமி மைப் பேனா தூரிகையை விட அடக்கமாக நடக்கும். நிறம் தூய கறுப்பாக இருக்கக்கூடாது. கருநீலத்தில் தோல் நிறத்தைச் சிறிது கலந்து வரைந்து, காய்ந்தபின் மிக நீர்த்த தோல் நிறத்தை மேலே ஒருமுறை ஓடவிட்டால், கோடுகள் தோலின்மேல் ஒட்டியதாக இல்லாமல் தோலுக்குள் இறங்கியதாகத் தெரியும். தொடையிலும் மோகோ உண்டு என்பதால் இடுப்புத்துணி மட்டும் அணிந்த உருவத்தில் அதையும் காட்டலாம். 1860களின் உருவங்களில், இளைஞர்களின் முகங்களை வெறுமையாக விட்டு, மூத்தவர்களுக்கு மட்டும் முழு மோகோ தீட்டுவதே பொருத்தம். அந்தத் தலைமுறையில் ஆடவரிடையே அவ்வழக்கம் குறைந்துவந்தது.

பெயர் தெரிந்த ஒருவரின் மோகோவைப் பெயரில்லாத உருவத்துக்குப் பெயர்த்து வைப்பது முறையல்ல. வாக்கா நேனேயையே தீட்டுவதானால், கோட்ஃபிரீட் லிண்டாவர் வரைந்து ஆக்லாந்து கலைக்கூடத்தில் இருக்கும் அவருடைய உருவப்படத்தைப் பின்பற்றலாம். வெட்டிய தலைகளைக் காட்சிப்பொருளாகச் சேர்க்கும் வழக்கமும் விளையாட்டு மேசைகளில் இருக்கிறது. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் கிடந்த தம் முன்னோரின் தலைகளை நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தின் வழியாக மாவோரி மக்கள் இன்றும் ஊர் திருப்பிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பகுதியை உறையிலேயே விட்டுவிடுவது நல்லது.

உடைகளில் கை தாராளமாக விளையாடலாம். ஹரகெக்கே என்னும் நியூசிலாந்துச் செடியின் நாரால் நெய்த மேலாடைக்கு, இளம்பழுப்பை அடியாக வைத்து, வண்ணத்தை ஏறத்தாழத் துடைத்துவிட்ட உலர்ந்த தூரிகையால் வைக்கோல் நிறத்தையும் தந்த நிறத்தையும் மேலோட்டமாகத் தேய்த்தால், செதுக்கிய நார் இழைகள் தாமே எழும்பிவரும். கொரொவை என்னும் வகையில் வெளிர்த் துணியின்மேல் கறுப்பு நூற்குஞ்சங்கள் தொங்கும். அவற்றை ஒவ்வொன்றாக, கீழ்நோக்கி, ஒரே இழுப்பில் வரைய வேண்டும். கைதாக்கா என்னும் வகையின் கீழ் விளிம்பில் தானிகோ எனும் முக்கோணக் கரை உண்டு: கறுப்புப் பட்டை ஒன்றை இழுத்து, அதன்மேல் தந்த நிறத்திலும் செம்பழுப்பிலும் சிறு முக்கோணங்களை மாற்றி மாற்றி வைத்தால் போதும். எல்லோருக்கும் இந்த மேலாடையையே போட்டுவிடக் கூடாது. அக்காலத்திலேயே ஐரோப்பியப் போர்வைகளும் சட்டைகளும் காற்சட்டைகளும் பெருமளவில் புழங்கின; இடுப்பில் நார்த்துணியும் மேலே கோடுபோட்ட சட்டையும் அணிந்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஏந்திய உருவமே போர்க்களத்துக்கு நெருக்கமானது. தலைமுடியில் செருகிய ஹூயா இறகு கறுப்பு, நுனி மட்டும் வெள்ளை. முழுதும் வெள்ளையாகத் தீட்டினால் அது வேறு பறவையாகிவிடும்.

தையாஹா என்னும் நீண்ட மர ஆயுதத்துக்கு அடர்பழுப்பு; செதுக்கிய நாக்குமுகத்தின் கீழே நாய்மயிர்க் குஞ்சம் வெள்ளை, இறகுப் பட்டை சிவப்பு, கண்ணுக்குப் பாவா சிப்பியின் நீலப்பச்சைப் புள்ளி. பவுனமு என்னும் பச்சைக் கல்லால் ஆன மெரே என்னும் கைத்தண்டுக்குக் கரும்பச்சையின்மேல் இளம்பச்சைக் கீற்றுகளை ஈரத்திலேயே கலங்கவிட்டு, எல்லா வேலையும் முடிந்தபின் அதற்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ் வைக்க வேண்டும்.

வார்னிஷும் அடித்தளமும்

விளையாட்டுக்குப் பயன்படும் உருவத்துக்கு முதலில் பளபளப்பு வார்னிஷ், அது நன்கு காய்ந்தபின் மங்கல் வார்னிஷ் என இரண்டு பூச்சு தேவை. ஈரக்காற்றில் ஸ்ப்ரே செய்த மங்கல் வார்னிஷ் வெண்படலமாக உறைந்து, முழு உழைப்பையும் மறைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சேலத்திலும், ஆண்டின் பெரும்பகுதி ஏற்காட்டிலும், தூரிகையால் பூசும் வார்னிஷே பாதுகாப்பானது. ஏற்காட்டில் தீட்டியவற்றை வார்னிஷ் அடிக்க மட்டும் வெயில் நாளில் கீழே கொண்டுவருவதும் நல்ல ஏற்பாடுதான்.

அடித்தளத்துக்கு மண் வேண்டும். டிகாஷன் இறக்கிய காப்பித்தூள் சக்கையை வாணலியில் ஈரம் முற்றிலும் போகும்வரை வறுத்து, பசைமேல் தூவினால் காட்டு மண்ணின் இழை அப்படியே வரும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். நியூசிலாந்துப் போர்க்களம் பெரணி மண்டிய நிலம் என்பதால், ஏற்காட்டு வீட்டுத் தோட்டத்திலோ காப்பித் தோட்டத்து வேலியோரத்திலோ கிடைக்கும் பெரணியின் இளநுனிகளைப் புத்தகத்துக்குள் வைத்து உலர்த்தி, பச்சை வண்ணம் பூசி நடலாம். கோட்டை வேலியின் மரங்களுக்குச் சாம்பல் நிறம் வேண்டும்; வெளிவேலியில் நார்ப் பாய்களைத் தொங்கவிட வேண்டும், ஏனெனில் குண்டுகளின் வேகத்தைத் தணித்ததும் வேலியின் சேதத்தை மறைத்ததும் அவையே.

தமிழர் எவரும் இந்தக் காட்சியில் சேர்க்க ஆசைப்படும் பொருள் ஒன்று உண்டு: தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி. மாவோரி மக்கள் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதைப் பயன்படுத்திவந்ததை மதபோதகர் வில்லியம் கொலென்சோ ஃபங்காரை அருகே கண்டார். இன்று அது தே பாப்பாவில் இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 1836இலேயே அவர் அதை மாற்றுப்பொருள் கொடுத்துப் பெற்றுவிட்டதால், 1845ஆம் ஆண்டின் பாசறை அடுப்பில் அதை ஏற்றிவைக்க வழியில்லை. போருக்கு முந்தைய கிராமக் காட்சி ஒன்றைத் தனியே அமைப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

முடிந்த உருவங்களின் அடியில் சிறு காந்தத்தை ஒட்டி, இரும்புத் தகரப் பெட்டியில் நிறுத்திவைத்தால், ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவை சாயாமல் வரும். தையாஹாவும் துப்பாக்கிமுனை ஈட்டியும் பெட்டிச் சுவரைத் தொடாதபடி இடைவெளி விட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டு மூட வேண்டும். மலையில் வசிப்பவர்கள் அந்தப் பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.